இதயத்தைத் தணிக்கும் ஊசி: ஒரு மருந்தின் எழுச்சியும் பின்வாங்கலும்

சேர் ஜேம்ஸ் பிளாக் 2010 மார்ச் 22 ஆம் திகதி தனது 85 ஆவது வயதில் காலமானார். சர்வதேசச் செய்தி முகவர் நிறுவனங்கள் அனுப்பிய செய்தியைத் தமிழாக்கிச் சிறு குறிப்பு ஒன்றை அன்று பத்திரிகைக்கு எழுதினேன். அவர் கண்டுபிடித்த 'பீற்றா தடுப்பி' என்னும் மருந்து வகையைப் பற்றிச் சொல்லிவிட்டு, 'மாரடைப்பு வந்தவர்களுக்கு உடனடியாக ஊசி மூலம் செலுத்தி உயிரைக் காப்பாற்ற உதவும் மருந்து' என்று ஒரு வரியையும் நானாகவே சேர்த்துக்கொண்டேன். எப்போதோ படித்தது நினைவில் இருந்தது. சரிபார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டு நாட்களின் பின்னர் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பத்திரிகையை எழுத்தெண்ணிப் படிக்கும் பழைய தலைமுறை வாசகர். கோபப்படவில்லை. "தம்பி, நீங்கள் எழுதினது ஐந்து வருசத்துக்கு முந்தின கதை. அந்த ஊசியைக் கண்டபடி போடக்கூடாது எண்டு இப்ப சொல்லிப்போட்டாங்கள்" என்றார். திருத்தம் ஒன்றைப் பிரசுரிக்கவேண்டும் என்று எண்ணினேன். ஆனால், வேறு செய்திகளின் நெருக்கடியில் அது கைநழுவிப் போயிற்று. இந்தக் கட்டுரையை அந்தத் திருத்தமாகவே வாசகர்கள் கொள்ளலாம். பெரிதும் தாமதமாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்களது குடும்பங்களில் பீற்றா தடுப்பி மாத்திரைகளை அறியாதவர்கள் குறைவு. அற்றெனலோல், மெற்றோப்ரொலோல், ப்ரொப்ரனலோல் என்று முதியவர்களின் மருந்துப் பெட்டியில் ஏதோவொன்று இருக்கும். ஆனால், அதே மருந்து ஊசியாக நாளத்தினுள் செலுத்தப்பட்டபோது நடந்தது வேறொரு வரலாறு. நல்ல எண்ணமும் நல்ல தர்க்கமும் மாத்திரம் ஒரு சிகிச்சையைச் சரியானதாக்கிவிடாது என்பதை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் கற்றுக்கொண்ட வரலாறு அது.

பிளாக் எழுப்பிய கேள்வி

ஸ்கொட்லாந்தில் சுரங்கப் பொறியியலாளர் ஒருவரின் மகனாக 1924 ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேம்ஸ் பிளாக். சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். படிப்பினால் ஏற்பட்ட கடனை அடைப்பதற்காகச் சிங்கப்பூர் சென்று, அங்கு ஏழாம் எட்வேர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் சில வருடங்கள் விரிவுரையாளராகப் பணியாற்றினார். பின்னர் நாடு திரும்பி, 1950 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியக் கல்லூரியில் உடற்றொழிலியல் துறையை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். மனித இதயத்துக்கான மருந்தைப் பற்றிய அடிப்படைச் சிந்தனை பிறந்தது ஒரு மிருக வைத்தியக் கல்லூரியில் என்பது கவனிக்கத்தக்கது.

இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் முடியுரு நாடிகள் ஒடுங்கும்போது, அத்தசைக்குத் தேவையான ஒட்சிசன் கிடைப்பதில்லை. நெஞ்சுவலி தோன்றுகிறது. அக்கால மருத்துவர்களின் முயற்சி முழுவதும் நாடிகளை விரித்துக் குருதியின் வரவைக் கூட்டுவதிலேயே இருந்தது. பிளாக் கேள்வியை மறுபக்கமாகத் திருப்பினார். வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைத்தால் என்ன? இதயம் மெதுவாகவும் மென்மையாகவும் துடித்தால் அதற்குத் தேவைப்படும் ஒட்சிசனும் குறையுமல்லவா?

இதயத்தை விரைவுபடுத்துபவை அட்ரினலினும் அதனையொத்த சுரப்புகளும். அவை எவ்வாறு செயற்படுகின்றன என்பதற்கான விளக்கத்தை அமெரிக்காவின் ஜோர்ஜியா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த றேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948 ஆம் ஆண்டிலேயே முன்வைத்திருந்தார். உடலின் கலங்களில் அட்ரினலினை ஏற்கும் வாங்கிகள் இரண்டு வகைப்படும் என்று கூறிய அவர், அவற்றுக்கு அல்பா, பீற்றா என்று பெயரிட்டார். இதயத்தை முடுக்குபவை பீற்றா வாங்கிகள். இந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிவைக்கப்பட்ட ஆய்விதழ் ஏற்க மறுத்தது. வேறொரு இதழில் வெளியான பிறகும் பல வருடங்கள் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. ஒரு பாடநூலின் வாயிலாக அக்கருத்தைப் படித்த பிளாக், தான் தேடும் பூட்டு அதுவே என்று கண்டுகொண்டார். இனி அந்தப் பூட்டை அடைக்கும் ஒரு பொருள் மாத்திரமே தேவை.

1958 ஆம் ஆண்டில் ஐ.சி.ஐ. எனப்படும் பிரித்தானிய இரசாயன நிறுவனத்தில் அவர் இணைந்தார். இங்கிலாந்தின் செஷயரில் அமைந்த அந்த ஆய்வுகூடத்தில் ஜோன் ஸ்டீபன்சன் என்ற இரசாயனவியலாளருடன் சேர்ந்து உருவாக்கிய ப்ரொனெதலோல் 1962 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. எலிகளில் அது புற்றுக்கட்டிகளை ஏற்படுத்துவது தெரியவந்ததால் நிலைக்கவில்லை. அதன் இடத்தில் வந்த ப்ரொப்ரனலோல் 1964 ஆம் ஆண்டு 'லான்செற்' இதழில் அறிவிக்கப்பட்டு, 1965 ஆம் ஆண்டு 'இண்டெரல்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இதய நோய் சிகிச்சையில் அது ஒரு திருப்புமுனை. 1988 ஆம் ஆண்டில் பிளாக், அமெரிக்க விஞ்ஞானிகளான ஜேர்ட்றூட் எலியன், ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் ஆகிய இருவருடனும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாத்திரையும் ஊசியும் ஒன்றல்ல

மாத்திரையாக விழுங்கப்படும் ப்ரொப்ரனலோல் குடலிலிருந்து நேரே ஈரலுக்குச் செல்கிறது. ஈரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிட்டே எஞ்சியதைக் குருதியோட்டத்தில் விடுகிறது. ஊசிக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவேதான், வாயால் 40 மில்லிகிராம் கொடுக்கும் இடத்தில் நாளத்தினூடாக 1 மில்லிகிராம் என்ற அளவில் மருத்துவர்கள் ஆரம்பிக்கிறார்கள். மாத்திரை வேலைசெய்ய ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஊசி சில நிமிடங்களில் இதயத்தைப் பிடித்துவிடும்.

இந்த விரைவே ஊசியின் பலம். இதயம் நிமிடத்துக்கு 160 தடவைகள் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்க இயலாது. 1960 களின் நடுப்பகுதியிலேயே துடிப்பு ஒழுங்கீனங்களை அடக்குவதற்கு ப்ரொப்ரனலோல் ஊசி பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆனால், அந்த விரைவே ஊசியின் அபாயமும் ஆகும். விழுங்கிய மாத்திரை மெல்ல மெல்லத் தனது வேலையைக் காட்டும். தவறு நேர்ந்தால் அடுத்த வேளையை நிறுத்திக்கொள்ளலாம். நாளத்தினுள் சென்ற மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

இந்த மருந்துகளின் மீதான நம்பிக்கைக்குக் கிடைத்த முதல் பேரதிர்ச்சி ஊசியினால் வரவில்லை. ஐ.சி.ஐ. நிறுவனம் 1970 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ப்ராக்டொலோல், நுரையீரலை அதிகம் பாதிக்காமல் இதயத்தை மாத்திரம் குறிவைக்கும் மருந்து என்று வரவேற்கப்பட்டது. மாதக்கணக்கில் அதன் மாத்திரைகளை உட்கொண்டவர்களில் சிலருக்குக் கண்கள் வறண்டு, பார்வை கெட்டது. தோல் தடித்தது. வயிற்றறையின் உட்சவ்வு இறுகியது. லண்டன் மூர்பீல்ட்ஸ் கண் வைத்தியசாலையைச் சேர்ந்த பீற்றர் ரைட் 1975 ஆம் ஆண்டில் இந்தப் பாதிப்புகளை விரிவாக எழுதினார். மாத்திரை பொதுப் பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. வைத்தியசாலைகளில் குறுகிய காலத் தேவைக்கு ஊசி மாத்திரம் தொடர்ந்தது. இந்த மருந்தைப் பொறுத்தவரை, நீண்டகால மாத்திரையே ஆபத்தானது, ஊசியல்ல. எந்த வடிவம் பாதுகாப்பானது என்பதைக் காரண காரியத்தால் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்பதற்கு இது முதல் எச்சரிக்கை.

தர்க்கம் எழுப்பிய கோபுரம்

மாரடைப்பு ஏற்பட்டவுடன் ஊசி போடவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1971 ஆம் ஆண்டில் பீற்றர் மரோக்கோ, யூஜின் பிரவுன்வால்ட் ஆகியோரின் குழு நாய்களில் செய்த பரிசோதனைகளை வெளியிட்டது. முடியுரு நாடியை அடைத்தபின் இதயத்தை முடுக்கும் மருந்தைக் கொடுத்தால் சேதமடையும் தசையின் அளவு கூடியது. ப்ரொப்ரனலோல் கொடுத்தால் அது குறைந்தது. மாரடைப்பு என்பது ஒரு நொடியில் முடிந்துவிடும் நிகழ்வல்ல, மணிக்கணக்கில் நீளும் நிகழ்வு. இடையில் புகுந்து தசையைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் மருத்துவ உலகைப் பற்றிக்கொண்டது.

சுவீடனின் கொதன்பேர்க் நகரத்தில் ஓகே யால்மார்சன், ஃபின் வாக்ஸ்டைன் ஆகிய மருத்துவர்கள் 1970 களில் மாரடைப்பு நோயாளர்களுக்கு இந்த ஊசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுவலி தணிந்தது. தொடர்ந்து 1,395 நோயாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு சாராருக்கு மெற்றோப்ரொலோல் ஊசியும் பின்னர் மாத்திரையும், மறு சாராருக்கு மருந்தற்ற போலி ஊசியும் மாத்திரையும். 90 நாட்களில் முதற்பிரிவில் 40 பேரும், மறுபிரிவில் 62 பேரும் இறந்திருந்தார்கள். 1981 ஆம் ஆண்டு இம்முடிவு வெளியானபோது அது பெரும் உற்சாகத்தை ஏற்படுத்தியதில் வியப்பில்லை.

ஆனால், ஆயிரத்துச் சொச்சம் நோயாளர்களில் தெரியும் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். 1985 ஆம் ஆண்டில் வெளியான 'மியாமி' ஆய்வு அதைவிடப் பெரியது, 5,778 நோயாளர்கள். 15 நாட்களில் மெற்றோப்ரொலோல் பெற்றவர்களில் 4.3 சதவீதமும் பெறாதவர்களில் 4.9 சதவீதமும் இறந்தார்கள். நன்மை இருப்பதுபோல் தோன்றியது. உறுதியாகச் சொல்வதற்கு அது போதவில்லை.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஸ்லைட், றிச்சர்ட் பீற்றோ, றோரி கொலின்ஸ் ஆகியோர் அடங்கிய குழுவினர் இந்தச் சிக்கலை வேறுவிதமாக அணுகினார்கள். மாரடைப்பு போன்ற பரவலான நோயில் ஒரு மருந்து நூற்றுக்கு ஒருவரைக் காப்பாற்றினாலும் உலகளவில் அது பல்லாயிரம் உயிர்கள். அவ்வளவு சிறிய நன்மையைக் காண்பதற்குப் பல்லாயிரம் நோயாளர்கள் தேவை. அதற்கு ஆய்வு மிகவும் எளிமையானதாக இருக்கவேண்டும். அவர்களது முதலாவது ஆய்வான 'ஐசிஸ்-1' இல் 245 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 16,027 நோயாளர்கள் பங்குபற்றினார்கள். அற்றெனலோல் 5 முதல் 10 மில்லிகிராம் வரை ஊசியாகவும், அதன்பின் ஏழு நாட்கள் மாத்திரையாகவும் கொடுக்கப்பட்டது.

1986 ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. முதல் ஏழு நாட்களில் இதய, இரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 313 பேர். பெறாதவர்களில் 365 பேர். சதவீதத்தில் முறையே 3.89 உம் 4.57 உம். ஏறத்தாழ 150 பேருக்கு ஊசி போட்டால் ஓர் உயிர் தப்பும். சேதமடைந்த இதயச் சுவர் கிழிந்துபோவதை ஆரம்ப மணிநேரங்களில் இம்மருந்து தடுத்திருக்கலாம் என்று பின்னர் விளக்கமளிக்கப்பட்டது. நாய்களில் தொடங்கிய தர்க்கம் மனிதர்களின் எண்ணிக்கையில் வந்து நிறைவுபெற்றது போலிருந்தது. சிகிச்சை வழிகாட்டிகள் இந்த ஊசியைப் பரிந்துரைத்தன. அமெரிக்காவில் மாரடைப்பு நோயாளருக்கு முதல் 24 மணிநேரத்தினுள் பீற்றா தடுப்பி கொடுக்கப்பட்டதா என்பது ஒரு வைத்தியசாலையின் தரத்தை மதிப்பிடும் அளவுகோல்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

2010 ஆம் ஆண்டில் நான் எழுதிய வரியின் மூலம் இந்த இடத்திலேயே நின்றுவிட்டது. வரலாறு நிற்கவில்லை.

சீனாவிலிருந்து வந்த பதில்

ஐசிஸ்-1 நடந்த காலத்தில் மாரடைப்பு நோயாளருக்குச் செய்யக்கூடியவை சொற்பம். 1988 ஆம் ஆண்டு அதே குழுவின் இரண்டாவது ஆய்வு, அஸ்பிரினும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் உயிர்காப்பவை என்று நிறுவியபின் நிலைமை மாறியது. நாடியைத் திறக்கும் சிகிச்சை வந்த பிறகும் இந்த ஊசியால் பயனுண்டா? 1991 ஆம் ஆண்டில் 1,434 நோயாளர்களிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உடனே ஊசி போட்டவர்களுக்கும் சில நாட்கள் கழித்து மாத்திரை தொடங்கியவர்களுக்கும் இடையில் இறப்பில் வித்தியாசம் காணப்படவில்லை. சந்தேகம் எஞ்சியது. ஒக்ஸ்போர்ட் குழுவினர் சீன மருத்துவர்களுடன் கைகோர்த்தார்கள்.

'கொமிற்' என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வு 1999 முதல் 2005 வரை சீனாவின் 1,250 வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டது. 45,852 நோயாளர்கள். பாதிப்பேருக்கு மெற்றோப்ரொலோல் 15 மில்லிகிராம் வரை ஊசியாகச் சில நிமிட இடைவெளிகளில் செலுத்தப்பட்டு, அதன்பின் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வாயால் கொடுக்கப்பட்டது. மற்றப் பாதிப்பேருக்குப் போலி மருந்து.

2005 நவம்பரில் 'லான்செற்' இதழில் முடிவு வெளியானது. இறந்தவர்கள் மருந்து பெற்றோரில் 7.7 சதவீதம், பெறாதோரில் 7.8 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லவேண்டும். ஆனால், அந்தச் சமநிலைக்குள் இரண்டு எதிரெதிர் கதைகள் மறைந்திருந்தன. துடிப்பு ஒழுங்கீனத்தால் இறந்தவர்கள் 2.2 சதவீதத்திலிருந்து 1.7 ஆகக் குறைந்தார்கள். இதயம் செயலிழந்து இரத்த அழுத்தம் வீழ்ந்து, மருத்துவர்கள் 'இதய அதிர்ச்சி' என்று கூறும் நிலையில் இறந்தவர்கள் 1.7 சதவீதத்திலிருந்து 2.2 ஆக அதிகரித்தார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் அப்படியே பறித்துக்கொண்டது மருந்து.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ஆயிரம் பேருக்கு இச்சிகிச்சையைக் கொடுத்தால் மறு மாரடைப்பிலிருந்து 5 பேரும், உயிராபத்தான துடிப்புக் குழப்பத்திலிருந்து 5 பேரும் தப்புவார்கள். அதேவேளை 11 பேர் புதிதாக இதய அதிர்ச்சி நிலைக்குத் தள்ளப்படுவார்கள். அந்த ஆபத்தின் பெரும்பகுதி முதல் நாளிலும் இரண்டாம் நாளிலுமே நிகழ்ந்தது. அதாவது, ஊசி போடப்பட்ட நேரத்தை ஒட்டியே.

காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. இதயத் தசையின் பெரும்பகுதி செயலிழந்துவிட்ட ஒருவருக்கு நாடித்துடிப்பு விரைவது நோயல்ல, தற்காப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் குறைவான குருதியையே தள்ள முடிவதால், துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி உடல் சமாளிக்கிறது. அட்ரினலின் அந்த நேரத்தில் எதிரியல்ல, கடைசித் துணை. அதை அறியாமல் ஊசியால் அடக்கினால், சுமையேறிய மாடு மூச்சுவாங்கிக்கொண்டாவது நடக்கும்போது அதன் காலைக் கட்டியது போலாகும். நாடித்துடிப்பு 110 ஐத் தாண்டியிருந்தவர்களும், இரத்த அழுத்தம் 120 இற்குக் கீழிருந்தவர்களும், 70 வயதைக் கடந்தவர்களும், இதயம் தளர்ந்ததற்கான அறிகுறிகள் உள்ளவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். துடிப்பு அதிகமாக இருக்கிறது, ஆகவே ஊசி போடுவோம் என்று எவர்களுக்கு இயல்பாகவே கை நீண்டிருக்குமோ, அவர்களில் பலர் இதற்குள் அடங்குவர் என்பதே இதிலுள்ள துயரம்.

2007 ஆம் ஆண்டில் அமெரிக்க இருதய மருத்துவ அமைப்புகள் தமது வழிகாட்டிகளைத் திருத்தின. மேற்சொன்ன ஆபத்துக்கூறுகள் உள்ளவர்களுக்கு ஆரம்பத்தில் இந்த ஊசியைக் கொடுக்கக்கூடாது என்று அவை கூறின. முதல் 24 மணிநேரத்தில் கொடுக்கப்பட்டதா என்ற தர அளவுகோலும் கைவிடப்பட்டது. தொலைபேசியில் என்னை அழைத்த மருத்துவர் குறிப்பிட்டது இந்தப் பின்வாங்கலைத்தான்.

மெலிந்த இதயத்தின் முரண்

இந்த வரலாற்றில் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. கொதன்பேர்க்கின் அதே வாக்ஸ்டைன், யால்மார்சன் குழுவினர் 1975 ஆம் ஆண்டில் ஏழு நோயாளர்களைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். இதயத் தசை நோயினால் இதயம் தளர்ந்துபோனவர்கள் அவர்கள். இத்தகையவர்களுக்குப் பீற்றா தடுப்பி அறவே ஆகாது என்பதே அன்றைய மருத்துவப் பாடம். அந்த எழுவருக்கும் அம்மருந்து தொடர்ந்து கொடுக்கப்பட்டது. அவர்களது நிலைமை தேறியது. பலர் நம்பவில்லை.

கால் நூற்றாண்டு கழிந்தது. யால்மார்சன் தலைமையில் 3,991 இதயத் தளர்ச்சி நோயாளர்களிடம் நடந்த ஆய்வு 1999 ஆம் ஆண்டில் வெளியானது. மெற்றோப்ரொலோல் பெற்றவர்களிடையே இறப்பு 34 சதவீதத்தால் குறைந்திருந்தது. இன்று இதயத் தளர்ச்சிச் சிகிச்சையின் அடிப்படை மருந்துகளில் பீற்றா தடுப்பியும் ஒன்று.

இது கொமிற் ஆய்வுக்கு முரணானதா? இல்லை. 1999 ஆம் ஆண்டின் ஆய்வில் மருந்து தொடங்கப்பட்டது 12.5 அல்லது 25 மில்லிகிராம் மாத்திரையில். நோயாளர் நிலைபெற்ற பின்னர். எட்டு வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்தி. கொமிற் ஆய்வில் அதே மருந்து கொடுக்கப்பட்டது ஊசியில், நெருக்கடியின் நடுவில், சில நிமிடங்களில். ஒரே மருந்து. ஒரே வகையான தளர்ந்த இதயம். ஓரிடத்தில் ஆயுளை நீட்டியது, மற்றோரிடத்தில் குறைத்தது. மருந்து என்பது வெறும் பொருளல்ல. அளவும் வேளையும் வேகமும் சேர்ந்ததே மருந்து.

ஊசியின் இன்றைய இடம்

கொமிற்றுக்குப் பிறகு ஊசி ஒழிந்துபோய்விட்டது என்று எவரேனும் எழுதினால் அதுவும் என்னுடைய பழைய பிழையின் மறுபக்கமாகவே இருக்கும். அது தனக்குரிய இடத்தைக் கண்டுகொண்டது.

இதய மேலறைகள் தாறுமாறாக நடுங்கி நாடி மிக வேகமாக ஓடும்போது, அதை மெதுவாக்க இந்த ஊசி இன்றும் முன்னணியில் நிற்கிறது. பெருநாடியின் சுவர் கிழிந்துபோகும் அவசர நிலையில், ஒவ்வொரு துடிப்பின் மோதலும் கிழிசலை நீட்டிவிடும். அங்கு முதற்காரியமே ஊசி மூலம் துடிப்பை 60 அளவுக்கும், இரத்த அழுத்தத்தை 100 முதல் 120 வரைக்கும் இறக்குவதுதான். மின்னதிர்ச்சி கொடுத்தும் மீண்டும் மீண்டும் இதயம் குழம்பித் துடிக்கும் 'மின்புயல்' என்ற கொடிய நிலையிலும் இவ்வகை மருந்து துணைநிற்கிறது. 2000 ஆம் ஆண்டில் வெளியான, 49 நோயாளர்களைக் கொண்ட சிறிய ஆய்வொன்றில், வழக்கமான மருந்துகளைப் பெற்ற 22 பேரில் 18 பேர் ஒரு வாரத்தினுள் இறந்தார்கள். அட்ரினலினின் தாக்கத்தைத் தடுக்கும் சிகிச்சை பெற்ற 27 பேரில் 6 பேரே இறந்தார்கள்.

திரும்ப எடுக்க முடியாது என்ற ஊசியின் பழைய குறைக்கு இரசாயனவியலாளர்களும் விடை தேடினார்கள். குருதியிலேயே விரைந்து சிதைந்துபோகும் விதத்தில் வடிவமைக்கப்பட்ட எஸ்மொலோல் 1986 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களில் அதன் அளவு குருதியில் பாதியாகிவிடும். துளித்துளியாகச் செலுத்திக்கொண்டிருக்கையில் ஆபத்துத் தென்பட்டால் நிறுத்திவிடலாம். சிறிது நேரத்தில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிடும். அதனிலும் குறுகிய ஆயுள் கொண்ட லண்டியொலோல் ஜப்பானில் 2002 ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் 2024 ஆம் ஆண்டிலும் அனுமதிக்கப்பட்டது.

எது எவ்வாறாயினும், இது இதயத்தின் மின்னியக்கத்தைத் திரையில் தொடர்ந்து கண்காணிக்கும் வைத்தியசாலையில் மாத்திரமே செலுத்தப்படவேண்டிய ஊசி. ஆஸ்துமா உள்ளவர்களின் சுவாசக் குழாய்களை இது இறுக்கிவிடக்கூடும். வெரபமில் போன்ற வேறு சில இதய மருந்துகளின் ஊசியுடன் சேரும்போது இதயத்தை நிறுத்திவிடவும் கூடும். ஆகவே, தாம் உட்கொள்ளும் மருந்துகளையும் தமக்குள்ள ஆஸ்துமாவையும் அவசர சிகிச்சைப் பிரிவில் தவறாமல் சொல்வது நோயாளரும் உறவினரும் செய்யக்கூடிய பேருதவி.

மாரடைப்பின் ஆரம்ப வேளையைப் பொறுத்தவரையிலும் கேள்வி மூடப்படவில்லை. 2013 ஆம் ஆண்டில் ஸ்பெயினில் 270 நோயாளர்களிடம் நடந்த ஆய்வில், நாடியைத் திறக்கும் முன் மெற்றோப்ரொலோல் ஊசி பெற்றவர்களின் இதயச் சேதம் குறைந்திருந்தது. 2016 ஆம் ஆண்டில் 683 நோயாளர்களிடம் நடந்த மற்றொரு ஐரோப்பிய ஆய்வில் அந்த நன்மை தென்படவில்லை; அதேவேளை தீங்கும் தென்படவில்லை. இதயத் தளர்ச்சியின் அறிகுறியற்ற, இரத்த அழுத்தம் 120 இற்கு மேலுள்ள நோயாளர்களுக்கு இந்த ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்று 2017 ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி அளவோடு கூறியது. மாரடைப்பின் பின்னர் வழமையாகக் கொடுக்கப்பட்டுவந்த மாத்திரைகூட இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. இதயத்தின் ஆற்றல் குன்றாதவர்களுக்கு அதனால் நன்மையில்லை என்று 5,020 நோயாளர்களைக் கொண்ட ஆய்வொன்று 2024 ஆம் ஆண்டில் கூறியது. 2025 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் ஒன்றோடொன்று முற்றாக உடன்படவில்லை. மருத்துவர் சொல்லாமல் எவரும் தமது மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது என்பதை இங்கு அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. திடீரென நிறுத்துவது தனியான ஓர் ஆபத்து.

திருத்தம்

இந்த வரலாற்றில் வில்லன்கள் இல்லை. பிளாக்கின் கேள்வி சரியானது. பிரவுன்வால்டின் பரிசோதனை சரியானது. கொதன்பேர்க் மருத்துவர்களின் கணக்கில் பொய் இல்லை. என்றபோதிலும், அத்தனை சரிகளையும் கூட்டினால் கிடைத்த சிகிச்சை முறை, சிலரைக் காப்பாற்றிய அதேவேளை வேறு சிலரைக் கொன்றது. அதைக் கண்டுபிடித்தது யாருடைய மேதாவிலாசமும் அல்ல. 45,852 நோயாளர்களை வரிசையாக எண்ணிய பொறுமையே அது. அந்த ஊசிக்கு ஆதரவான வலுவான சான்றை 1986 ஆம் ஆண்டில் முன்வைத்த ஒக்ஸ்போர்ட் குழுவைச் சேர்ந்தவர்களே 2005 ஆம் ஆண்டில் அதன் தீங்கையும் எண்ணிச் சொன்னார்கள் என்பது இந்த வரலாற்றின் மிகக் கண்ணியமான அத்தியாயம். தாம் கட்டியதைத் தாமே அளந்து பார்த்து, குறையை உலகறியச் சொல்வதற்கு எல்லோருக்கும் மனம் வராது.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு மருந்தின் வருகை தலைப்புச் செய்தியாகும். அதன் பின்வாங்கல் உட்பக்கத்திலும் இடம்பெறாது. கண்டுபிடிப்பாளரின் மறைவுக்கு இரங்கற்குறிப்பு எழுதும் எங்களைப் போன்றவர்கள், நினைவில் தங்கிய பழைய புகழ்ச்சியை மீண்டும் அச்சேற்றிவிடுகிறோம். அரசியல் செய்தியில் ஒரு பெயர் பிழைத்தால் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிறோம். ஓர் உயிரோடு சம்பந்தப்பட்ட வரி பிழைத்தால் அதைப் பற்றிக் கேட்பார் இல்லை என்று இருந்துவிடுகிறோம்.

2010 ஆம் ஆண்டு மார்ச்சில் நான் எழுதியிருக்கவேண்டிய வரி இதுதான்: 'ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்த மருந்து வகை மாத்திரையாகவும் ஊசியாகவும் எண்ணற்ற இதயங்களுக்கு ஆறுதல் அளித்திருக்கிறது, ஆனால், மாரடைப்பின் முதல் மணிநேரங்களில் அதன் ஊசி எல்லோருக்கும் உரியதல்ல.'

என்னை அழைத்த மருத்துவர் இன்று உயிருடன் இல்லை. இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு நிச்சயமாக அழைத்திருப்பார். இதிலும் ஏதாவதொரு பிழையைக் கண்டுபிடித்திருப்பார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.